பொதுப் பீலியும் பொதுக் கணினியும்

வட்டவளையில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆயினும், லயத்துப் பீலியடியில் ஒருவர் பத்துக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டால், பின்னால் நிற்பவருக்குப் பிரட்டுக்குப் போகும் நேரம் தவறிவிடும். இதை நம் இல்லத்தரசியருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பலர் கூடிப் பயன்படுத்தும் கணினியிலும் இதே வழக்குத்தான். நம் பிள்ளைகள் அத்தகைய கணினிகளில் பயிலும் இந்நாளில், பெற்றோரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

ஒரு பொறியைப் பலர் ஒருசேர ஆளலாம் என்று 1961இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும் செய்து காட்டினர். பொறி தன் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொருவர் வேலைக்கும் மாறிமாறி வழங்குகிறது. ஓடும் வேலை ஒவ்வொன்றும் ஒரு செயன்முறை எனப்படும். செயன்முறை ஒன்று தன்னைப் போல் இன்னொன்றை ஈனவும் வல்லது. ஈன்றவையும் ஈனத் தொடங்கினால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தே தலைமுறையில் 1,024 ஆகிவிடும். இதற்குப் பொல்லாத எண்ணம் வேண்டியதில்லை. மாணவன் எழுதிய நிரலில் நிறுத்தும் வரி ஒன்று விடுபட்டாலே போதும்.

1988 நவம்பர் 2ஆம் நாள் ரொபர்ட் மொரிஸ் என்னும் ஆராய்ச்சி மாணவர் வலையமைப்பில் விட்ட நிரல் இதற்குச் சான்று. தான் முன்னரே குடியேறிய பொறியில் அது பெரும்பாலும் ஒதுங்கிவிடும். ஆனால் ஏழில் ஒரு முறை ஒதுங்காமல் தங்கிவிடுமாறு அவர் அமைத்திருந்தார். அந்த ஏழில் ஒன்றே பிரதிகளைக் குவித்துப் பொறிகளை முடக்கிற்று. ஏறத்தாழ 6,000 பொறிகள் பாதிப்புற்றன என்பது அக்கால மதிப்பீடு. 1990இல் அவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூக சேவையும், 10,050 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

வந்தபின் தடுக்கலாமே என்பீர்கள். அங்கேதான் இடர் உளது! செயன்முறைகளின் அட்டவணை நிரம்பியபின் புதிதாக எதுவும் தொடங்காது. அழிக்கும் கட்டளையும் ஒரு செயன்முறைதானே? ஒன்றை அழித்தாலோ, அவ்விடத்தில் மற்றொன்று பிறந்துவிடும். ஆதலால், கைதேர்ந்த நிர்வாகி முதலில் அனைத்தையும் அசையாது நிறுத்திவைத்துப் பிறகே அழிப்பார். அதுவும் இயலாதெனில் பொறியையே அணைக்க வேண்டும். அப்போது, ஒரு பாவமும் அறியாத மற்ற மாணவர்களின் சேமியாத வேலையும் அழியும்.

எனவே வரம்பை முன்னரே இடுதல் வேண்டும். லினக்ஸில் 'யூலிமிட்' என்னும் கட்டளை, ஒரு பயனருக்கு இத்தனை செயன்முறைகள்தாம் என்று வரையறுக்கிறது. இதில் மென்வரம்பு, வன்வரம்பு என இரண்டுண்டு. மென்வரம்பை வன்வரம்பு மட்டும் பயனரே உயர்த்தலாம், அதற்கு மேல் அவரால் ஆகாது. 2008இல் செயன்முறைகளைக் குழுவாகக் கட்டி நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிடும் வசதி லினக்ஸில் சேரலாயிற்று. 2015இல் குழுவின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது.

வரம்பு மிகக் குறுகினால் நேர்மையான வேலையும் நின்றுபோம். சாதாரண நாளில் மாணவர் எவ்வளவு பயன்படுத்துகின்றனர் என்று பார்த்து, அதன் சில மடங்கை அளிப்பதே தக்கது என்பது நம் கருத்து. தவறிய மாணவனின் கணக்கைப் பறிப்பதைவிட இது மேல். பிழை செய்யாமல் நிரல் எழுதக் கற்றவர் எவருமிலர். நிர்வாகியின் மூலக் கணக்கை இவ்வெண்ணிக்கை வரம்பு கட்டுப்படுத்தாது. ஆகவே மாணவரை அதில் வேலை செய்ய விடலாகாது. வரம்பிட்ட ஆசிரியர், வேறெவரும் இல்லாத ஒரு மாலையில், மாணவக் கணக்கில் நுழைந்து அதைத் தாமே சோதித்துப் பார்க்கட்டும்.