வீட்டுக்கு ஒரு பட்டறை

நமது நாட்டில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சாமி படத்துக்கென்று ஒரு இடம் இருக்கும். இடமே இல்லாத ஏழை வீட்டிலும் சுவரில் ஒரு மாடமாவது அதற்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆனால் அதே வீட்டில் ஒரு சுத்தியல், நாலு அரம், இரும்பறுக்கும் வாள் ஒன்று, சாமானைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஒரு வைஸ் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றந்தான். அந்தச் சாமி படத்தை மாட்டிய ஆணியையும் அம்மிக் குழவியால்தான் அடித்திருப்பார்கள்!

இதை நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு சமூகம் தன் வீட்டுக்குள் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதில்தான் அதன் அறிவும் வளரும். மேல்நாட்டார் வீட்டில் பின்கட்டிலோ, மாடிப்படிக்குக் கீழோ, வண்டி நிறுத்தும் கொட்டகையிலோ ஒரு மேஜையும், சிறு லேத்தும், துளை போடும் யந்திரமும் வைத்துக்கொண்டு, கணக்கர்களும் உபாத்தியாயர்களும் வைத்தியர்களுங்கூட ஓய்வு நேரத்தில் இரும்பைக் கடைந்து கொண்டிருப்பது வெகு காலமாக உள்ள வழக்கம். 1898-லேயே லண்டனில் இப்படிப்பட்டவர்களுக்கென்று 'மாடல் எஞ்ஜினியர்' என்ற பத்திரிகை தோன்றிவிட்டது. அதே வருஷத்தில் அவர்களுக்கு ஒரு சங்கமும் ஏற்பட்டுவிட்டது. 1903-ல் ஆகாயத்தில் பறந்த ரைட் சகோதரர்கள் எந்தக் கலாசாலைப் பட்டமும் பெற்றவர்கள் அல்ல, சைக்கிள் கடைக்காரர்கள். அவர்களுடைய விமானத்துக்கு வேண்டிய எஞ்சினை எந்தக் கம்பெனியும் செய்து கொடுக்க முன்வராதபோது, அவர்கள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் என்பவர் ஒரு லேத்தையும், ஒரு துளை யந்திரத்தையும், கைக் கருவிகளையும் வைத்துக்கொண்டு சுமார் ஆறு வாரத்தில் செய்து முடித்தார். புஷ்பக விமானத்தைப் பற்றிக் காலட்சேபம் கேட்டுக்கொண்டிருந்த நாம், அது எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது, அதற்குத் திருகாணி கடைந்தவன் யார் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

நிற்க, நம் தூத்துக்குடிக் கரையையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கரையின் முத்து உலகமெல்லாம் போயிற்று. அதை எடுத்தவன் எப்படி எடுத்தான்? காலில் கனத்த கல்லைக் கட்டிய கயிறு, இடுப்பில் ஒரு கூடை, மூச்சை அடக்கிய நெஞ்சு — இவ்வளவுதான் அவன் கருவி. ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் வரை இப்படியே இறங்கினான். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மீதிதான் உயிரைக் கொடுத்து முழுகியவனுக்கு. சுறாவுக்கு என்ன பாதுகாப்பு என்றால், அதற்குக் 'கடல்கட்டி' என்று ஒருவன். அவன் கரையில் இருந்துகொண்டு மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டிவிடுவானாம்! அது பரம்பரை உத்தியோகம். அந்த உத்தியோகக் குடும்பத்தின் அன்றையத் தலைவன் ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவன் என்று 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட் என்னும் வெள்ளைக்கார அதிகாரி குறித்திருக்கிறார். மதம் மாறியது; மந்திரம் மாறவில்லை. நீராவிக் கப்பல் விட்ட வெள்ளைக்காரச் சர்க்காரும், கடல்கட்டி இல்லாமல் முழுகுகிறவன் இறங்கமாட்டான் என்பதற்காக, அவனுக்குக் கூலி கொடுத்தது. முழுகுகிறவனின் பயத்தை வைத்துப் பலரும் பிழைத்தார்களே ஒழிய, அவன் இறங்குவதற்கு ஒரு நல்ல கருவி செய்து கொடுப்போம் என்று எந்தப் பரம்பரைக்காரனும் நினைக்கவில்லை.

இதே சமயத்தில் ஜப்பானில் என்ன நடந்தது? மிகிமோட்டோ என்று ஒரு நூடுல்ஸ் கடைக்காரர் மகன், சிப்பியின் வயிற்றுக்குள் நாமே ஒரு வித்தை வைத்தால் முத்து விளையுமா என்று பரீட்சை செய்து பார்த்து, 1893-ல் பாதி உருண்டையான முத்தைக் கையில் எடுத்தார். அதிலிருந்து வளர்ந்த தொழில் இயற்கை முத்தின் வியாபாரத்தையே கவிழ்த்துவிட்டது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பழைய முறை முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை. ஆனால் 1973-ல் இதே தூத்துக்குடியில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தோழர் கே. அழகர்சாமியும் அவருடன் உழைத்தவர்களும் முழு உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு வேண்டியிருந்தவை சிறு கத்தி, ஊசி, கொக்கி, கை நிதானம், திரும்பத் திரும்பப் பரீட்சை செய்யும் பொறுமை ஆகியவையே. மந்திரத்தால் கட்ட முடியாத கடலைக் கருவியால் கட்ட முடிந்தது.

நமது மக்களுக்குக் கைத்திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். இக்கரையில் தோணி கட்டிய ஆசாரிகள் படம் இல்லாமல் கண் கணக்கிலேயே கட்டி, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றி அனுப்பினார்கள். சங்கு குளிக்கிறவர்கள் கடையில் விற்கும் ரப்பர்த் துடுப்பு வாங்க வழியில்லாமல், தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு அதையே துடுப்பாக்கி நீந்துகிறார்கள். இது யார் சொல்லிக் கொடுத்த வித்தை? அவசியமும் அறிவும் சொல்லிக் கொடுத்த வித்தை. இருக்கிற குறையெல்லாம், இந்தத் திறமைக்குக் கருவியும் கணக்கும் மரியாதையும் கிடைக்கவில்லை என்பதுதான்.

1906-ல் தோழர் வ.உ. சிதம்பரனார் இவ்வூரில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஏற்படுத்தினார். கம்பெனி நம்முடையது, பணம் நம்முடையது, தியாகம் நம்முடையது. ஆனால் கப்பலோ மேல்நாட்டில் கட்டியது. கம்பெனியை அழித்தது வெள்ளையர் ஆட்சியின் கொடுமையே என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும், யந்திரத்தை விலைக்கு வாங்குகிற தேசம் ஒரு நாளும் முழுச் சுதேசி ஆகாது. யந்திரத்தைச் செய்கிற தேசமே ஆகும் என்பதை நாம் மறக்கக்கூடாது. இன்றைக்கும் ஒரு வள்ளத்தின் எஞ்சினில் கட்டைவிரல் பருமன் உள்ள ஒரு புஷ் தேய்ந்து போனால், அதைக் கடைந்து கொடுக்க ஆள் கிடைக்கும் வரையில் வள்ளம் கரையில் கிடக்கிறது. அதை நம்பிய குடும்பங்களுக்கு அன்றையச் சோறு போகிறது. அந்தப் புஷ்ஷைக் கடைவது தேர்ந்த கைக்கு ஒரு மணி நேர வேலைகூட அல்ல.

நம்மவரில் ஒருவர் இதைச் செய்து காட்டவில்லையா என்றால், காட்டியிருக்கிறார். கோவைக்கு அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ல், அதாவது மிகிமோட்டோ முத்து எடுத்த அதே வருஷத்தில், பிறந்த தோழர் ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தில் நிலைக்காதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஏறிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அது எப்படி ஓடுகிறது என்ற ஆசையால், கோவையில் ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அதை வாங்கினார். வாங்கி ஊர்வலம் போகவில்லை, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். அந்தக் கழற்றலும் பூட்டலுந்தான் அவருடைய சர்வகலாசாலை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1937-ல் தோழர் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். மின்சாரச் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு செய்யும் யந்திரம் என்று அவர் கை படாத விஷயம் குறைவு. 1945-ல் கோவையில் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற் கல்விச்சாலை ஏற்படக் காரணமாக இருந்தவரும் அவரே. ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்க்கத் துணிந்த ஒரு வாலிபனால் இவ்வளவு ஆயிற்று என்றால், நாட்டில் உள்ள வாலிபர்களில் பத்தில் ஒருவன் துணிந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே யோசிக்க வேண்டும்.

"கையால் வேலை செய் என்று நீங்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்களா? இது குலத்தொழில் வாதம் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1953-ல் தோழர் ராஜகோபாலாச்சாரியார் ஆட்சியில், பிள்ளைகள் பாதி நேரம் படித்துவிட்டு மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று ஒரு திட்டம் வந்ததும், நாடு கொதித்து எழுந்ததும், 1954-ல் காமராசர் வந்து அது ஒழிந்ததும் யாவரும் அறிந்தது. 2023-ல் மத்திய அரசு விஸ்வகர்மா பெயரால் கொண்டுவந்த திட்டத்தைத் தமிழ்நாடு அரசு ஆட்சேபித்ததும், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைக் காட்டித்தான்; அதற்குப் பதிலாக ஜாதி வித்தியாசமின்றி யாரும் சேரத்தக்க கைவினைத் திட்டத்தை 2024-ல் அறிவித்தது. நாம் சொல்லும் வீட்டுப் பட்டறை குலத்தொழிலுக்கு நேர் விரோதமானது. கொல்லன் மகன் கொல்லனாகவே இருக்கவேண்டும் என்பது குலத்தொழில். புரோகிதன் மகளும், மீன்பிடிப்பவன் மகனும், குமாஸ்தாவும், கொல்லன் மகனோடு ஒரே மேஜையில் நின்று அரம் பிடிக்கட்டும்; கொல்லன் மகன் விரும்பினால் வைத்தியத்துக்குப் படிக்கட்டும் என்பது நமது கொள்கை. இரும்பு தன்னைத் தொடுகிறவனின் ஜாதியைக் கேட்பதில்லை. அரத்தைச் சமமாகப் பிடித்தால் சமமாகத் தேய்க்கும்; கோணலாகப் பிடித்தால், பிடித்தவன் நாலு வேதம் கற்றவனாயினும் கோணலாகவே தேய்க்கும்.

இதில் இன்னொரு பெரிய படிப்பும் இருக்கிறது. முழுக்க மட்டமான ஒரு இரும்புத் தகட்டை எப்படிச் செய்வது? மட்டப் பலகை வைத்துப் பார்க்கலாம் என்றால், அந்தப் பலகை மட்டம் என்று சொன்னது யார்? இங்கிலாந்தில் மாட்ஸ்லே பட்டறையில் கையாண்டு, அங்கே வேலை பழகிய விட்வொர்த் 1840-ல் அறிஞர் சபையில் விளக்கிய முறை இதற்கு விடை சொல்லுகிறது. இரண்டு தகடுகளைச் சாயம் தடவி ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒட்டுகிற மேடுகளைச் சுரண்டிக்கொண்டே போனால் இரண்டும் நன்றாகப் பொருந்திவிடும். ஆனால் பொருந்தியதால் மட்டமாகிவிட்டது என்று நம்பக்கூடாது. ஒன்று குழியாகவும் ஒன்று மேடாகவும் இருந்தாலும் பொருந்தத்தான் செய்யும். ஆகவே மூன்றாவது தகடு ஒன்று வேண்டும். மூன்றையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டுச் சுரண்டி, எந்த இரண்டும் எப்படி வைத்தாலும் பொருந்தினால்தான் மூன்றும் மட்டம். குருவும் சிஷ்யனும் ஒத்துப்போகிறார்கள், சாஸ்திரமும் சாஸ்திரியும் ஒத்துப்போகிறார்கள் என்று மூவாயிரம் வருஷமாகச் சொல்லி வருகிறார்களே, அது இந்தக் குழியும் மேடும் பொருந்திய கதைதான். மூன்றாவது தகட்டை வைத்துப் பார்க்கிறவனைத்தான் அவர்கள் நாஸ்திகன் என்கிறார்கள்.

ஆயுத பூஜையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஒரு நாளில் யந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போடுகிறார்களே, அதுவரையில் நல்லது. ஆனால் இது உப்பளத்து ஊர். கடற்காற்றில் ஒரு இரவு திறந்து போட்ட லேத்தின் படுகை மறுநாள் சிவந்துவிடும். துரு சரஸ்வதி பூஜை வரை காத்திருக்காது. தினமும் வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, மூடி வைப்பதே ஆயுதத்துக்குச் செய்யும் மரியாதை. அதேபோல, லேத் சக்கிலே சாவியை மறந்து வைத்துவிட்டு ஓட்டினால் அது பறந்து வந்து அடிக்கும்; தொங்கும் சட்டைக் கையோடும் அவிழ்ந்த கூந்தலோடும் நின்றால் இழுத்துக்கொள்ளும்; கண்ணாடி போடாமல் சாணை பிடித்தால் கண் போகும். சந்தனமும் குங்குமமும் வைத்த யந்திரமும் இப்படியேதான் செய்யும்.

பணத்துக்கு எங்கே போவது என்றால், முதலில் லேத்தே வேண்டாம். ஒரு வைஸ், நாலு அரம், ஒரு வாள், ஒரு மூலைமட்டம், ஒரு கைத்துளைக் கருவி போதும். ஒரு இரும்புத் துண்டை ஆறு பக்கமும் சதுரமாக அராவிக் கற்றுக்கொண்டவனுக்கு மற்றவை பின்னால் வரும். லேத் தனி மனிதனுக்கு மீறிய செலவானால் பத்துப் பேர் சேர்ந்து வாங்கலாம். கோயில் கொடைக்கும் கல்யாணப் பந்தலுக்கும் வரி போட்டு வசூலிக்கத் தெரிந்த தெருவுக்கு ஒரு பழைய லேத் வாங்கத் தெரியாதா?

ஆகவே தூத்துக்குடி வாலிபர்களுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், நாம் சொல்லிக்கொள்வது இதுதான்: படிப்பை விட வேண்டாம், படிப்போடு அரத்தையும் பிடியுங்கள். உங்கள் தெருவில் உள்ள படிப்பகத்தின் பின்கட்டில் ஒரு மேஜையும் ஒரு வைஸும் போடுங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பழுதான எஞ்சினைக் கழற்ற அஞ்சாதீர்கள். கழற்றிய வரிசையைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்பப் பூட்டுங்கள். அடுத்த முறை ஒரு வள்ளம் புஷ் இல்லாமல் கரையில் கிடக்கும்போது, அதைக் கடலில் இறக்குவது உங்கள் கையாக இருக்கட்டும்.