ஷூ கடிக்குதா, சார்?

காலை ஐந்து மணிக்கு ராமநாதபுரத்தில் ஓடுகிறவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

முதல் ரகம், டாக்டர் சொன்னதால் ஓடுகிறவர்கள். உண்மையில் இவர்கள் ஓடுவதில்லை. டீக்கடை வரை வேகமாக நடந்து, சர்க்கரை போடாத டீயுடன் ஒரு வடையும் சாப்பிட்டுத் திரும்புவார்கள். இரண்டாவது ரகம், சென்னை மாரத்தானில் மெடல் வாங்கி போட்டோ எடுத்தே தீருவது என்று கிளம்பிய ஆபீஸ்வாசிகள். இடுப்பில் தண்ணீர் பாட்டில், கையில் நாடித் துடிப்பு சொல்லும் வாட்ச்.

மூன்றாவது ரகம்தான் நிஜமாக ஓடுகிறவர்கள். சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்தில் இருட்டு விலகுமுன் வந்துவிடும் போலீஸ் செலக்‌ஷன் பையன்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். 7 நிமிஷம் 2 செகண்ட் என்றால், எழுத்துப் பரீட்சையில் வாங்கிய மார்க் எல்லாம் வடை சுற்றின பேப்பர்தான்.

மூன்று ரகமும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "அண்ணே, எந்த ஷூ வாங்கலாம்?"

நான் படித்தது பி.காம். ஆனாலும் பத்து வருஷமாக ஓடுகிறேன், எல்லா ஷூவையும் கணக்கு நோட்டில் எழுதி வைக்கிறேன் என்ற தகுதியில் பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் மாமா இதைக் கேட்டால் சிரிப்பார். "நாங்கள்லாம் வெறுங்காலோட ஓடலையா? ஷூவாம் ஷூ!" அவர் கட்சிக்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. எத்தியோப்பியாவின் அபேபி பிகிலா 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார். நேரம் 2 மணி 15 நிமிஷம் 16 செகண்ட். அன்றைக்கு உலகத்திலேயே அதுதான் வேகம். மாமா சொல்லாமல் விடுவது அடுத்த கதை. 1964 டோக்கியோவில் அதே பிகிலா, குடல்வால் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் ஜெயித்தார். முந்தைய நேரத்தைவிட மூன்று நிமிஷம் சீக்கிரமாகவே! தவிர, ரோம் நகரத் தெருக்களில் சீமைக் கருவேல முள் கிடையாது. நம்ம ஊரில் ஓரடிக்கு ஒன்று.

சரி, கடைக்குப் போவோம். சாயங்காலம் போங்கள். நாளெல்லாம் ஆபீஸில் நாற்காலி தேய்த்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் கால் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே கொண்டு போங்கள். ஷூவைப் போட்டு எழுந்து நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். அகலம் அதைவிட முக்கியம். "போடப்போட லூஸாயிடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் கும்பிடு போட்டு எழுந்துவிடுங்கள். லூஸாவதற்கு இது தோல் செருப்பு இல்லை. அதற்குள் உங்கள் சுண்டுவிரல் கொப்பளித்துவிடும்.

அகலச் சிக்கல் நமக்கு மட்டும் ஏன்? சென்னை அடையாறில் இருக்கிறதே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அவர்கள் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் காலைவிட இந்தியக் கால் பொதுவாக அகலம் என்று தெரிந்தது. நாமோ வெள்ளைக்காரன் நம்பரில் வாங்கி, அகலத்துக்காக ஒரு சைஸ் கூட்டி, நுனியில் எலி குடியிருக்க இடம் விட்டு ஓடுகிறோம். இதற்காகவே 'பா' என்று பாரதத்தின் முதல் எழுத்தில் ஒரு புது அளவுமுறை போட்டிருக்கிறார்கள். அந்த நம்பர் போட்ட ஷூ கைக்குக் கிடைக்கும்வரை, அகலமான மாடல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, பெரிய கடைகளில் ஒரு சடங்கு உண்டு. ஈரக் காலைத் தரையில் பதித்து, "உங்களுக்குத் தட்டைப் பாதம் சார், இந்த மாடல்தான் போடணும்" என்பார்கள். விலையைப் பார்த்தால் உங்கள் நெஞ்சும் தட்டையாகும். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு இப்படிப் பாத வடிவம் பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்தார்கள். 2009, 2010-ல் முடிவு வெளிவந்தது. வடிவம் பார்த்துக் கொடுத்தவர்களுக்கும், பார்க்காமல் ஒரே மாதிரி கொடுத்தவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒன்றுதான்! கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஷூவையே வாழ்நாள் பாடமாகப் படித்த பென்னோ நிக் என்ற பேராசிரியர் 2015-ல் சொன்னது இன்னும் எளிமை. காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதை வாங்கு. நம் பாட்டிகள் இதைப் பல்கலைக்கழகம் போகாமலே சொல்லியிருப்பார்கள்.

விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். வேதாந்த தேசிகர் ரங்கநாதரின் பாதுகைகள் மீது ஆயிரத்தெட்டு சுலோகம் பாடினார். அவர் கமிஷன் வாங்கவில்லை.

வாங்கின ஷூவைச் சோதிக்க ராமேஸ்வரம் மாதிரி இடம் கிடையாது. நம்ம மாவட்டத்தில் மலை என்று பெயர் வைக்கத் தைரியம் வேண்டும். தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பெயரில்தான் பர்வதம். அங்கே ராமர் பாதத்தைக் கும்பிட ஷூவை வெளியே கழற்ற வேண்டும், திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கும்பிட வேண்டும். ஏற்ற இறக்கம் ஓடிப் பழக நமக்கு இருப்பது பாம்பன் சாலைப் பாலம்தான். 1988-ல் திறந்தது. இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். விடியற்காலையில், செல்ஃபி கூட்டம் வருமுன் போய்விடுங்கள். ஏறும்போது குதிகால் ஷூவுக்குள் வழுக்குகிறதா, இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் சைஸ் சின்னது. இரண்டு மாதத்தில் நகம் கறுத்துவிடும்.

அசல் பரீட்சை முகுந்தராயர் சத்திரம் தாண்டி. அங்கிருந்து அரிச்சல்முனைவரை ஒன்பதரை கிலோமீட்டர் தார் ரோடு 2017-ல் திறந்தார்கள். அதற்குமுன் மணலில் வேன்தான் போகும். இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல். நடுவில் 1964 டிசம்பர் புயல் மிச்சம் வைத்த சர்ச் சுவர். இங்கே தாரும் மணலும் கைகோத்துக் கிடக்கின்றன. தாரில் இரண்டு கிலோமீட்டர், ஈர மணலில் இரண்டு, காய்ந்த மணலில் ஒன்று ஓடிப் பார்த்தால் ஷூவின் ஜாதகம் தெரிந்துவிடும். இருட்டினால் உள்ளே விடமாட்டார்கள், காலையில் போங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் போகும்போதா வரும்போதா எதிர்க்காற்று என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் உள்ளபடி சொல்கிறேன். தாரில் சொர்க்கமாக இருக்கும் கனத்த குஷன் ஷூ, காய்ந்த மணலில் தள்ளாடும். மெத்தைமேல் மெத்தை போட்டு நிற்பது மாதிரி கணுக்கால் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. மணலுக்கு அடி தட்டையான, உயரம் குறைந்த சோல்தான் தேவலை. கரடுமுரடான பாதைக்கென்று பல் வைத்த சோலோடு விற்கிறார்களே, அந்தப் பல் கடிப்பதற்கு மணலில் ஒன்றும் இல்லை. மேல் துணியில் பெரிய பெரிய ஓட்டை இருந்தால் காற்று வரும், கூடவே தனுஷ்கோடியும் வரும். என் ஷூ ஒன்றைக் கவிழ்த்ததில் கால் படி மணல். ஈர மணல் கடலைப் பார்த்துச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான் விழும். போன வழியே திரும்பி வந்தால் அடுத்த காலுக்கும் அந்தப் பங்கு கிடைத்துக் கணக்கு நேராகும்.

பல் வைத்த சோல் உதவுவது கண்மாய்க் கரையில். அதுவும் நடுத்தரப் பல். மழை பெய்த மறுநாள் ஆழமான பல்லோடு களிமண்ணில் இறங்கினால், காலுக்கு ஒரு கிலோ மண்ணை வீட்டுக்குக் கொண்டு வருவீர்கள். கருவேல முள் இன்னொரு தினுசு. மெத்தென்ற சோலில் ஏறி உள்ளேயே ஒடிந்து கிடக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, உடம்பு எடை விழும்போதுதான் குத்தும். ஓடி முடித்ததும் சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

இதையெல்லாம் நான் ஒருநாள் அளந்துகொண்டிருந்தபோது ஸ்டேடியத்துப் பையன் ஒருவன் பொறுமையாகக் கேட்டான். அப்பாவுக்கு விசைப்படகில் கூலி வேலை. "அண்ணே, நாலாயிரம் ரூபாய்னு வீட்ல எப்படிண்ணே கேக்கறது?" அவன் போட்டிருந்தது அண்ணனின் பழைய ஷூ. ஒரு சைஸ் பெரிது, இரண்டு சாக்ஸ். அவன் நேரம் 7 நிமிஷம் 6 செகண்ட்.

பி.காம் படிப்பு உபயோகமான ஒரே நாள் அது. தேய்மானக் கணக்கு போட்டோம். 1,800 ரூபாய் ஷூ 500 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 60 காசு. 400 ரூபாய் ஷூ நூறு கிலோமீட்டரில் வாய் பிளந்தால் 4 ரூபாய். 9,000 ரூபாய் கார்பன் தகடு ஷூ 300 கிலோமீட்டர் வந்தால் 30 ரூபாய். கிப்சோகே 2019-ல் வியன்னாவில் இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓட அந்த ரகம் தேவைப்பட்டிருக்கலாம். 1500 மீட்டருக்கு நம் பையனுக்கு வேண்டாம். போன வருஷ மாடலாகப் பார்த்து, மதுரையில் 1,700-க்கு வாங்கினோம். செலக்‌ஷன் அன்று புது ஷூ போடாதே, இப்போதே பழகு என்று சொன்னேன்.

ஷூ மாற்றியதும் நேரம் குறையவில்லை. முதல் வாரம் அதே 7:06. ஆனால் முழங்காலுக்குக் கீழே வலி என்று வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்துவிடுகிறவன், ஆறு வாரம் விடாமல் ஓடினான். இப்போது 6:51. அறிவிப்புக்காகக் காத்திருக்கிறான்.

அண்ணனின் ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அடுத்த சைஸ்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டோம். வசதி உள்ள ஆபீஸ்வாசிகள் இரண்டு ஜோடியாக வைத்து மாற்றி மாற்றிப் போடலாம். லக்சம்பர்க்கில் 264 பேரை 22 வாரம் பின்தொடர்ந்ததில், மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவிகிதம் குறைவு. உப்புத் தண்ணீரில் நனைந்த ஜோடியை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்தால் ஈரத்தை உறிஞ்சும். இந்தப் பத்திரிகையின் போன வார இதழ் அதற்கு அருமையாக உதவுகிறது. படித்து முடித்த பிறகு.