ஓடியது 40 ஆயிரம், வயசு 15: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வீட்டிலேயே பெரிய சர்வீஸ் செய்யலாமா?

புதுச்சேரி நம்பர் பிளேட்டோடு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் போனால், அதன் பின்கதை இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பக்கத்து மாநிலங்களைவிட இங்கே வாகன வரி குறைவு என்பதால், வெளியூர்க்காரர்களின் சொகுசு கார்கள் பல வருடங்களாகப் புதுச்சேரி முகவரியில் பதிவாகின. 2017-ல் கேரளாவில் சினிமா நட்சத்திரங்கள் வரை விசாரணை போனது இதனால்தான். அந்தக் காலத்து இரண்டு கதவு கூபே கார்கள் இப்போது பழசாகி, மாதச் சம்பளக்காரர்களும் விலை கேட்கிற நிலைக்கு இறங்கிவிட்டன.

வாங்கும் விலைதான் இறங்கியது, பராமரிக்கும் விலை இறங்கவில்லை. உதாரணத்துக்கு ஆடி டிடி. இதன் இரண்டாம் தலைமுறை 2006-ல் வந்தது. பெயரில் ஆடி இருக்கிறதே தவிர, உதிரிபாகத்தில் தள்ளுபடி எல்லாம் கிடையாது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர், கியர்பாக்ஸ் ஆயில், ஸ்பார்க் பிளக், கூலன்ட் எல்லாம் சேர்ந்து வரும் பெரிய சர்வீஸுக்கு எஸ்டிமேட் கைக்கு வந்ததும் தோன்றும் யோசனை ஒன்றுதான்: ‘வில்லியனூர்ல வீடு, வாசல்ல இடம் இருக்கு, யூடியூப்ல வீடியோ இருக்கு. நாமளே பண்ணிட்டா என்ன?’

பண்ணலாம். பெரும்பகுதியைத் தாராளமாகப் பண்ணலாம். ஆனால் எதை வீட்டில் செய்வது, எதை விடுவது என்பதை ‘எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா’ என்று கேட்டு முடிவு செய்யக் கூடாது. தப்பு நடந்தால் திருத்த முடியுமா என்று கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மீட்டர் முழுக்கதையைச் சொல்லாது

முதல் குழப்பம் மைல். அமெரிக்க வீடியோவில் ‘60 ஆயிரம் சர்வீஸ்’ என்றால் 60 ஆயிரம் மைல், அதாவது சுமார் 96,500 கி.மீ. நம்ம வண்டியின் மீட்டர் கி.மீ.யில் ஓடுகிறது. இதைக் கவனிக்காமல் அட்டவணையைக் காப்பி அடித்தால் ஒன்று வீண் செலவு, இல்லாவிட்டால் தாமதம்.

அதைவிடப் பெரிய சிக்கல் இந்த வகைக் கார்கள் ஓடும் விதம். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் ஒரு ரவுண்டு, மற்ற நாளெல்லாம் கவர் போட்டு நிற்கும். 15 வருடத்தில் 40 ஆயிரம் கி.மீ.தான் ஓடியிருக்கும். ‘லட்சம் கி.மீ. வரட்டும், பெல்ட்டை மாத்திக்கலாம்’ என்று உரிமையாளர் காத்திருப்பார். ரப்பர் காத்திருக்காது. கடற்கரையிலிருந்து பத்து கி.மீ. தூரத்தில், உப்புக் காற்றும் வெயிலும் படும் ஊரில், நிற்கும் வண்டியும் வயசாகிக்கொண்டுதான் இருக்கிறது. பெல்ட், ஹோஸ், புஷ், டயர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் புதுசு மாதிரி தெரியும், ஆனால் உள்ளே காய்ந்து போயிருக்கும்.

பிரேக் ஆயிலும் அப்படித்தான். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் வழக்கம்.

அரசாங்கமும் வயதைத்தான் பார்க்கிறது. 15 வருடம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் அது முறையே 10,000, 80,000 என்று ஏறியது. அந்தப் பணத்தைக் கட்டப்போகிறவர், ஆறு வருடத்துக்கு முன்னால் காய்ந்துபோன பெல்ட்டை வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருப்பது வேடிக்கை.

எது வீட்டில், எது வெளியே?

எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிளக். இவை எல்லாம் சனிக்கிழமை காலை வேலைகள். பிளக்கைக் குளிர்ந்த எஞ்சினில்தான் கழற்ற வேண்டும், அளவாக முறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும். அவ்வளவுதான். ஏதாவது தப்பாகப் போட்டாலும் பெரும்பாலும் கசிவோ, மிஸ்ஃபயரோ காட்டிக்கொடுத்துவிடும். நிறுத்தித் திருத்திக்கொள்ளலாம்.

ஆறு கியர் எஸ் டிரானிக் கியர்பாக்ஸ் கொஞ்சம் வேறு ரகம். 60 ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டிய பெட்டி இது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயிலின் சூடு 35-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கையில்தான் அளவு பார்க்க வேண்டும். ஐரோப்பிய வீடியோவில் அந்த மனிதர் எஞ்சினை ஓடவிட்டு, 35 வரட்டும் என்று நிதானமாகக் காத்திருப்பார். இங்கே மே மாத மதியம் வெயிலே 38-ஐத் தொடும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் அந்த அளவுக்குள் வந்திருக்கும், கண் மூடித் திறப்பதற்குள் தாண்டியும் போகும். சூட்டில் விரிந்த ஆயிலை அளந்தால் கணக்கு தப்பும், பெட்டியில் ஆயில் குறைவாகவே நிற்கும். வில்லியனூரில் இந்த வேலைக்கு விடியற்காலைதான் நேரம். சூட்டைப் படிக்க ஒரு ஸ்கேனரும் கட்டாயம் வேண்டும், தொட்டுப் பார்த்துச் சொல்வதெல்லாம் இங்கே செல்லாது.

இனி டைமிங் பெல்ட். முதலில், வண்டியில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தலைமுறை டிடியில் ஆரம்பத்தில் வந்த 2.0 லிட்டர் டர்போ எஞ்சினில் பெல்ட். பிறகு வந்த 2.0 லிட்டரில் செயின். 3.2 லிட்டர் வி6-லும் செயின்தான். எஞ்சின் கோடு பார்க்காமல் பெல்ட் கிட் ஆர்டர் போட்டால் வீடு தேடி வருவது வேறு காரின் பெல்ட்டாக இருக்கலாம்.

பெல்ட்டின் வேலை, கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்றும்படி இரண்டையும் பிணைத்து வைப்பது. இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும் இடத்துக்கே வால்வும் கீழே இறங்கும், நேரம் மட்டும் வேறு. பெல்ட் அறுந்தாலோ பல் தாவினாலோ ரெண்டும் மோதிக்கொள்ளும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் போகும். அதற்கப்புறம் ஆகும் செலவு காரின் செகண்ட் ஹேண்ட் விலையோடு போட்டி போடும்.

அதை மாற்றும் வேலையும் லேசானதில்லை. டிடியில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. பெல்ட்டுக்குப் போக, எஞ்சினைக் கீழிருந்து தாங்கிப் பிடித்து ஒரு பக்க மவுன்ட்டையே கழற்ற வேண்டும். ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாத போல்ட்டுகள் இருக்கின்றன. குறியை ஒரு பல் தள்ளி வைத்தாலும் பெரும்பாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் சரியாக ஓடாது. இன்னும் தள்ளிப் போனால் முதல் ஸ்டார்ட்டிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

அதனால் முதல் முறை செய்பவர் பெல்ட்டை வீட்டில் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ‘அப்புறம் என்ன டிஐஒய்?’ என்று ரசிகர்கள் கோபப்படுவார்கள். கோபம் நியாயம்தான், சொந்தக் கையால் பெல்ட் மாற்றி நன்றாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது அவர்களின் முதல் எஞ்சினாக இருக்காது. நடுவழி ஒன்று உண்டு. கிட்டை, வாட்டர் பம்ப்போடு சேர்த்து, உரிமையாளரே வாங்கி, இதே எஞ்சினைத் திறந்து பழகிய தனி மெக்கானிக்கிடம் அந்த வேலையை மட்டும் கொடுக்கலாம். கூடவே நின்று பார்க்கலாம். கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ‘மாத்தியாச்சு சார்’ என்று பில்லை மட்டும் நீட்டும் இடத்தில் பெரிய சர்வீஸ் கொடுப்பதைவிட இது மேல்.

வாசலில் வேலை என்றால்

கூபே தாழ்வான வண்டி. சாதாரண ஜாக்கி அடியில் நுழையவே நுழையாது. முதலில் இரண்டு பலகை மேல் ஏற்றி, அப்புறம்தான் ஜாக்கி போட முடியும். வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் வாசல் பெரும்பாலும் மண் தரை, மழைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். ஜாக்கி ஸ்டாண்டு மண்ணில் மெல்ல இறங்கும், இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. சிமென்ட் தளம் இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் போகும் வேலை எதையும் எடுக்கக் கூடாது. வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி, சிமென்ட் தளத்திலும் தலையை உள்ளே விடக் கூடாது.

வீடியோக்களில் அதிகம் பேசப்படாதது கடைசிக் கட்டம். ஒரு பெரிய சர்வீஸ் முடிந்ததும் வாசலில் பத்து லிட்டருக்கு மேல் கழிவு ஆயிலும், ஒரு வாளி பழைய கூலன்ட்டும் மிஞ்சும். கழிவு ஆயிலைக் கரையானுக்கு மரத்தில் பூசுவதும், சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவதும், மிச்சத்தைச் சாக்கடையில் கவிழ்ப்பதும் ஊர்ப் பழக்கம். 2016-ம் வருட அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவு ஆயில் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டிய பொருள். இந்த கொம்யூனில் ஒரு பக்கம் சங்கராபரணி ஆறு, இன்னொரு பக்கம் பறவைகள் சரணாலயமான ஊசுடு ஏரி. குடிக்கும் தண்ணீரோ நிலத்தடியிலிருந்து வருகிறது. மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு ஆயிலை மொத்தமாக மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடலாம். வேலையை ஆரம்பிக்கும் முன்பே ‘வாங்கிப்பீங்களாண்ணே’ என்று கேட்டு வைப்பது நல்லது.

கூலன்ட்டுக்கு இன்னும் அவசரம். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், விஷம். தெருவில் நாய், பூனை, மாடு எல்லாம் சுற்றும் ஊரில், அந்த வாளியைத் திறந்தபடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.