கையால சுத்துனா கைக்காகிதமா?

போன வாரம் ஒரு கண்காட்சியில ஜிமிக்கி ஒண்ணு கண்ணுல பட்டுது. 'ஹேண்ட்மேட் பேப்பர் ஜுவல்லரி'ன்னு அட்டை, விலை 350 ரூபாய். எடுத்துப் பார்த்தா சாட்சாத் க்வில்லிங் பட்டை! மில் பேப்பரை மெஷின்ல நறுக்கி பாக்கெட் போட்டு விக்கிறாங்களே, அதேதான். சுத்துனது கை, சரி. அந்த வேலைப்பாட்டை நான் குறை சொல்லலை. காகிதம் எப்படிங்க கையால செஞ்சதாச்சு?

ஒரு தடவை செஞ்சு பாருங்க மக்களே. பழைய நோட்டை ராத்திரி முழுக்க ஊறவெச்சு, மிக்ஸியில அடிச்சு (அதுக்கு வீட்ல வாங்கினது தனிக்கதை), தொட்டித் தண்ணியில கலக்கி, வலை அடிச்ச சட்டத்தால அள்ளி, ஒவ்வொரு தாளா துணியில கவுத்து, அமுக்கி, காயவெச்சு... என் முதல் நாள் மகசூல் ஏழு தாள். அதுல ரெண்டு கிழிசல். பட்டறையில பனியன் வெட்டுத்துணியையே கூழாக்குறாங்க. அதுக்கு மிக்ஸி பத்தாது, பீட்டர் வேணும் (அந்தப் பீட்டர் இல்லீங்க, அடிக்கிற மெஷின்). 1934-ல வார்தாவுல கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கி, நம்ம தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா தூக்கிப்பிடிச்ச தொழில்கள்ல இதுவும் ஒண்ணு.

சந்தேகமா? கிழிச்சுப் பாருங்க. மில் பேப்பர் ஒரு பக்கம் நேரா கிழியும், குறுக்கே கோணிக்கும். நாரெல்லாம் ஒரே திசையில படுத்திருக்கிறதால. கைக்காகிதம் எப்படிக் கிழிச்சாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

கடைக்காரம்மாகிட்ட கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சார் போடறாங்க"ன்னாங்க. அடுத்த ஸ்டால்ல நிஜமான கைக்காகிதப் பதக்கம், 200 ரூபாய். "ஓரமெல்லாம் பிசிறா இருக்கே, நூறுக்குத் தருவியா?"ன்னு ஒருத்தர் பேரம் பேசிட்டு வாங்காமலே போயிட்டார். யோவ், அந்தப் பிசிறுதான்யா அத்தாட்சி!