ரத்தம் வரட்டும் என்று காத்திருக்கிறீர்களா?

எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரருக்கு மூன்று மாதமாக இருமல். "டெஸ்ட் பண்ணீங்களாண்ணே?" என்றேன். "சளியில ரத்தம் எதுவும் வரலியே சார்!" என்றார், பரீட்சையில் பாஸான மாதிரி. தள்ளுவண்டியில் மெடிக்கல் ஷாப்காரர் கொடுத்த நாலாவது இருமல் மருந்து பாட்டில்.

இந்த வைத்தியத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நம்ம சினிமாதான். ஒரு இருமல், வெள்ளைக் கர்ச்சீப்பில் சிவப்புத் திட்டு, பின்னணியில் ஷெனாய் அழும். முடிந்தது கதை. 1961-ல் வந்த 'பாலும் பழமும்' படத்தில் காசநோய் வந்த சரோஜாதேவி, குணமாவதற்கு சுவிட்சர்லாந்து வரை போக வேண்டியிருந்தது. அட ராமா! அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1959-ல், சென்னையில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளியாகிவிட்டது. வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்ட ஏழைகளும், சானடோரியத்தில் படுத்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் அதை நம்பி வைத்தியத்தையே மாற்றிக்கொண்டது. நாம்தான் இன்னும் கர்ச்சீப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நான் வெறும் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டித் தெரியாது. அதனால் நெஞ்சு நோய் டாக்டர் ஒருவரை நச்சரித்தேன். டி.பி. வந்த பலருக்கு ரத்தமே வராதாம். கிருமி நுரையீரலை அரித்துக் குழி பறித்து, பக்கத்து ரத்தக்குழாய் உடைந்தால்தான் வரும். பெரும்பாலும் உடைவது மூச்சுக்குழாய்க்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி. அதில் அழுத்தம் அதிகம். குபுக்கென்று கொட்டினால், ரத்தம் போய்ச் சாவதைவிட மூச்சடைத்துச் சாவதுதான் அதிகம். பெரிய காற்றுக்குழாய்கள் எல்லாம் சேர்ந்தே சுமார் 150 மில்லிதான் கொள்ளுமாம். ஒரு காபி டம்ளர், அவ்வளவுதான்! தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கசியும் தமனியை அடைக்க வழி இருக்கிறது. அந்த வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அதற்குள் போய்ச் சேர வேண்டுமே?

இன்னொன்று. லேட்டாக வைத்தியம் பார்த்தால் டி.பி. போய்விடும், குழி போகாது. வருஷங்கள் கழித்து அந்தக் குழிக்குள் பூஞ்சை உருண்டையாக வளர்ந்து, அதிலும் ரத்தம் வரலாம். அசலைக் கட்டிய பிறகும் விடாத வட்டி! இது எனக்குப் புரிகிற பாஷை.

ரெண்டு வாரம் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் டெஸ்ட்டும் இலவசம், மருந்தும் இலவசம். சாதாரண டி.பி.க்கு ஆறு மாசம். இது தெரியாத மெடிக்கல் ஷாப் உண்டா? தெரிந்தும் நாலு பாட்டில் விற்கிறவரை என்ன சொல்வது? நீங்களே ஒரு வார்த்தை யோசித்துக்கொள்ளுங்கள். நான் யோசித்ததை ஆசிரியர் அச்சிட மாட்டார்.

திங்கட்கிழமை இஸ்திரிக்காரரை வம்படியாகக் கூட்டிப்போனேன். சளி டப்பாவைக் கையில் வாங்கியவர், "ரத்தம் இல்லாம எப்படி சார் கண்டுபிடிப்பாங்க?" என்றார். ரிசல்ட் வியாழக்கிழமை.