டிராக்டருக்குக் காப்பீடு இருக்கிறது. ஓட்டுபவருக்கு உரிமம் இருக்கிறதா?

கேள்வி: எனக்கு 56 வயது. சொந்த டிராக்டரில் உழவு ஓட்டுகிறேன். ஓட்டுநர் உரிமம் முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. வயல் வேலைக்குத்தானே டிராக்டர், உரிமத்தைப் புதுப்பித்தே ஆக வேண்டுமா? எப்படிப் புதுப்பிப்பது? என் மகனிடம் இருசக்கர வாகன உரிமம் இருக்கிறது. அதை வைத்து அவன் டிராக்டர் ஓட்டலாமா?
– டெல்டா வாசகர் ஒருவர்

பதில்: புதுப்பித்தே ஆக வேண்டும். அதுவும் நான்கு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மறுபடி ஓட்டிக் காட்டாமலே புதுப்பிக்கலாம். ஓராண்டைத் தாண்டிவிட்டால், முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவரானாலும் ஆய்வாளர் முன்னால் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும்.

முன்பு உரிமம் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் அது எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது முடிவு நாளுக்கு மறுநாளே உரிமம் செல்லாது. தாமதமாகப் புதுப்பித்தால், புதுப்பித்த நாளிலிருந்துதான் அது செல்லும். இடையில் போன எட்டு மாதமும் உரிமம் இல்லாத காலம்தான்.

வயலுக்குள் உழும்போது யாரும் வந்து உரிமத்தைக் கேட்கப் போவதில்லை. ஆனால் வீட்டிலிருந்து வயலுக்கு டிராக்டர் போவது ஊர்ச் சாலையில். நெல் மூட்டையுடன் கொள்முதல் நிலையத்துக்குப் போவது பெரிய சாலையில். விபத்து நடப்பதும் அங்கேதான்.

அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம்

உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் இதே தண்டனை உண்டு. பலரும் இந்த அபராதத்தை மட்டுமே நினைத்துப் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் காப்பீட்டில் இருக்கிறது.

டிராக்டர் மோதி ஒருவர் இறந்துவிட்டால் அவர் குடும்பத்துக்கு நீதிமன்றம் இழப்பீடு விதிக்கும். காப்பீடு இருந்தால் நிறுவனம் கொடுத்துவிடும். ஓட்டியவருக்குச் செல்லத்தக்க உரிமம் இல்லையென்றால், நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு டிராக்டர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும். உரிமையாளர் இந்த விஷயத்தில் போதிய கவனம் எடுத்தாரா என்பதை 2004-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி பார்ப்பார்கள். தன் உரிமம் முடிந்ததே தெரியாது என்று உரிமையாளரே சொன்னால் அது எடுபடுவது கடினம். இழப்பீட்டுத் தொகையை நில வரி பாக்கி வசூலிப்பதுபோல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. நிலம் வைத்திருப்பவருக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

வண்டிக் காப்பீட்டுடன் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் எடுத்திருந்தால், ஓட்டும்போது உரிமையாளர் இறக்க நேர்ந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் விபத்து நடந்த நாளில் அவரிடம் செல்லத்தக்க உரிமம் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வருடா வருடம் பிரீமியம் கட்டிவிட்டு உரிமத்தை விட்டுவிட்டால், கட்டிய பணத்துக்கும் பலன் இல்லை.

எத்தனை வருடம் செல்லும்?

சொந்த உபயோகத்துக்கான உரிமம் முன்பு 20 ஆண்டுக்கோ 50 வயது வரையிலோ, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். அதனால் பலரும் அட்டையைப் பெட்டியில் வைத்து மறந்துவிட்டார்கள். இப்போது எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ உள்ள வயதைப் பொறுத்துக் காலம் மாறும்:

30 வயதுக்குள் என்றால், 40 வயது வரை.
30 முதல் 50 வயதுக்குள் என்றால், 10 ஆண்டு.
50 முதல் 55 வயதுக்குள் என்றால், 60 வயது வரை.
55 வயதுக்கு மேல் என்றால், 5 ஆண்டு.

ஆக, இந்த வாசகர் இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கான உரிமம் எந்த வயதிலும் 5 ஆண்டுதான். அட்டையில் இரண்டு வகைக்கும் தனித்தனி முடிவு நாள் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

எப்படிப் புதுப்பிப்பது?

பரிவாகன் இணையதளத்தின் சாரதி பக்கத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, உரிம எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து விண்ணப்பிக்கலாம். கைபேசியில் செய்ய வராதவர்கள் பக்கத்துக் கணினி மையத்துக்குப் போகலாம். பழைய உரிமம், ஆதார், புகைப்படம், உடல்நிலை பற்றிய சுய உறுதிமொழி ஆகியவை வேண்டும். 40 வயதைக் கடந்தவர்களுக்குப் படிவம் 1ஏ எனும் மருத்துவச் சான்றும் வேண்டும். கட்டணத்தையும் அங்கேயே கட்டிவிடலாம். அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னால், பதிவு செய்த நாளில் அசல் ஆவணங்களுடன் போக வேண்டும்.

புத்தக வடிவில் உள்ள பழைய உரிமம் கணினியில் ஏறாமல் இருக்கலாம். எண்ணைப் போட்டும் விவரம் வராவிட்டால், அதைக் கொடுத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் பதிவேற்றச் சொல்ல வேண்டும். புதிய அட்டை தபாலில் வரும் என்பதால் முகவரியும் கைபேசி எண்ணும் சரியாக இருப்பது முக்கியம்.

மருத்துவச் சான்றைக் கண் பரிசோதனை இல்லாமல் கையெழுத்தாக மட்டும் வாங்கிவிடக் கூடாது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கண்புரை மெல்ல வளரும், பகலில் தெரியாது. அந்தி நேரத்தில் எதிரே வரும் சைக்கிள்காரர் கண்ணுக்குத் தப்பும்போதுதான் தெரியும். இந்தச் சாக்கில் கண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது.

விண்ணப்ப ரசீது உரிமம் ஆகாது. புதுப்பித்த உரிமம் பதிவாகும் வரை, டிராக்டர் உரிமம் உள்ள ஒருவரை வைத்தே சாலையில் ஓட்ட வேண்டும்.

மகன் ஓட்டலாமா?

கூடாது. இருசக்கர வாகன உரிமம் டிராக்டருக்குச் செல்லாது. வெற்று எடை 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டர் சட்டப்படி இலகுரக வாகனம். நம் ஊர் வயல்களில் ஓடும் டிராக்டர்கள் இதற்குள் அடங்கிவிடும். எனவே மகன் இலகுரக வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் எடுத்து, 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போனால் அந்த வகையையும் உரிமத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கவே கூடாது. அவர்கள் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும்.

மற்ற வாசகர்களுக்கு

முடிவு நாளுக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். எனவே அறுவடை முடிந்து குறுவை உழவு தொடங்கும் முன் உள்ள கோடை நாட்களில் இந்த வேலையை முடித்துவிடலாம். விதைப் பையின் அட்டையிலும் மருந்து டப்பாவிலும் காலாவதி நாளைப் பார்த்து வாங்கும் பழக்கம் விவசாயிகளுக்கு உண்டு. அதேபோல உரிமத்தின் முடிவு நாளையும் டிராக்டர் காப்பீட்டு நாளையும் சேர்த்து எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும். கூலிக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்கள் அவருடைய உரிமத்தையும் வாங்கிப் பார்த்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.