மூக்கு லீவில் போன வருடம்

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பகுதியில் ஒரு மூன்றாவது மாடி வீடு. மற்றவர்கள் புத்தகம் அடுக்கும் அலமாரியில் இங்கே டீ டப்பாக்கள். மொத்தம் 41. மல்லிகை, ரோஜா, எலுமிச்சை, ஏலக்காய், மாம்பழம், வெனிலா, சாக்லேட், புகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை. சமையலறை இருக்கும் பக்கமே அவற்றைக் கொண்டுபோவதில்லை. பெருங்காயத்துக்கும் சோப்புக்கும் அருகில் ஒரு வாரம் இருந்தால் போதும், தேயிலை அந்த வாசனையை வாங்கிக்கொண்டுவிடும். டீக்கு வாசனை ஏற்ற முடிவதும் இந்த குணத்தால்தான், டீ கெட்டுப்போவதும் இதே குணத்தால்தான்.

டப்பாக்களின் சொந்தக்காரர் தேயிலைத் தரகு நிறுவனம் ஒன்றில் 34 வருடங்கள் டீ டேஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1861 டிசம்பரில் தேயிலை ஏலம் தொடங்கிய ஊரில் அது கௌரவமான தொழில். நீண்ட மேஜையில் வரிசையாகக் கோப்பைகள். ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போக வேண்டும். இந்தத் தொழில்காரர்களுக்கு வாசனை சேர்த்த டீ என்றாலே மாற்றுக் குறைவுதான். நல்ல இலைக்கு எதற்கு நகை என்பது அவர்கள் கட்சி. இவரும் அதே கட்சியில் இருந்தவர்தான். ஓய்வு பெற்றபின் மருமகன் லண்டனிலிருந்து வாங்கி வந்த ஒரு ஏர்ல் கிரே டப்பா அவரைக் கெடுத்தது. பிறகு வருகிறவர் போகிறவர் எல்லோரும் டப்பாவோடு வந்தார்கள்.

ஆனால் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு நோட்டில் மதிப்பெண் போட்டார், பத்துக்கு இத்தனை என்று. முறையும் தொழில் முறைதான்: டீ டேஸ்டிங்குக்கான சர்வதேசத் தரவிதி சொல்கிறபடி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். பால் இல்லை, சர்க்கரை இல்லை. ஏர்ல் கிரேக்கு 9. சீனாவின் ஃபூஜோ நகரத்து மல்லிகை டீக்கு 8. பைன் மரப் புகையில் உலர்த்தும் லாப்சாங் சூசாங் டீக்கு 7. வெனிலாவுக்கு 6. இஞ்சி டீக்கு, கொஞ்சம் அலட்சியமாகவே, 5.

2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலையில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் விட்டது. ஐந்தாம் நாள் காலை மனைவி கொடுத்த டார்ஜிலிங் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நீர் ஏன் கசக்கிறது?" என்று கேட்டார். அலமாரியைத் திறந்தார். 41 டப்பாக்களையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். எல்லாம் ஒரே வாசனை. அதாவது எதுவும் இல்லை.

உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்களுக்கு நடந்ததுதான். மூக்கின் உச்சியில் வாசனை அறியும் நரம்புகளைத் தாங்கி நிற்கும் செல்களை வைரஸ் முதலில் தாக்குகிறது என்று 2020லேயே ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். பெரும்பாலோருக்கு சில வாரங்களில் திரும்பிவிட்டது. சிலருக்கு மாதக்கணக்கில் ஆனது. கணக்கு எழுதுகிறவருக்கோ துணி விற்கிறவருக்கோ இது ஒரு அசௌகரியம். மூக்கை வைத்தே பிழைத்தவருக்கு?

பிழைப்பு என்று சொல்வது மிகையல்ல. வட கொல்கத்தாவில் சில்லறைத் தேயிலை விற்கும் ஒரு பழைய கடைக்கு மாதாமாதம் சாம்பிள் பார்த்துக் கொடுப்பதில் அவருக்கு ஒரு சிறு வருமானம் இருந்தது. மூக்கு போன விஷயத்தை அவர் கடைக்காரரிடம் சொல்லவில்லை. ஜூனில் வந்த சாம்பிள்களை நிறத்தையும் இலையின் முறுக்கையும் பார்த்தே தேர்ந்தெடுத்தார். அதில் ஒரு மூட்டை எங்கோ சோப்புப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்து வந்தது. பத்தே நாளில் வாடிக்கையாளர்கள் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னார். கடைக்காரர் கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, மூக்கு வரும்வரை நாக்குக்கு மட்டும் பாதிக் கூலி என்றார். அது பரிதாபமா வியாபாரமா என்று இன்றுவரை இவருக்குப் புரியவில்லை.

அந்தப் பாதிக் கூலிதான் நோட்டில் இரண்டாவது பத்தியைத் தொடங்கவைத்தது. நாக்கு மட்டும் என்ன சொல்கிறது? தினம் இரண்டு டப்பா. மனைவி டீ போட்டு, எது என்று சொல்லாமல் கோப்பையை வைப்பார். இவர் மதிப்பெண் போட்ட பிறகுதான் பெயர்.

முதலில் விழுந்தது ஏர்ல் கிரே. பெர்கமோட் என்பது தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் எலுமிச்சை இனத்துப் பழம். அதன் தோல் எண்ணெயைக் கறுப்புத் தேயிலையில் ஏற்றினால் ஏர்ல் கிரே. 1830 முதல் 1834 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிரே பிரபுவுக்கு ஒரு சீனர் இந்த ரகசியத்தைத் தந்தார் என்று கதை சொல்வார்கள். பிரபு சீனாவுக்குப் போனதே இல்லை. கதைக்கு நேர்மாறாக, 1837ல் லண்டனில் பெர்கமோட் வாசனை ஏற்றிய டீயை உயர்ந்த ரகம் என்று விற்றதாக ஒரு நிறுவனத்தின் மேல் குற்றச்சாட்டே வந்திருக்கிறது. மட்டமான இலையை மறைக்க நல்ல எண்ணெய். நம்மவரின் டப்பாவிலும் அதே சமாச்சாரம்தான். எண்ணெய் மறைந்ததும் கோப்பையில் மிஞ்சியது தட்டையான, உயிரில்லாத கறுப்புத் தண்ணீர். 9 இருந்த இடத்தில் 3.

வெனிலாவும் மாம்பழமும் சாக்லேட்டும் 2க்கு இறங்கின. மூன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கோப்பையை மாற்றி மாற்றி வைத்தாலும் அதே 2. லாப்சாங்கின் அடுப்பு அணைந்துபோய் 5க்கு வந்தது. மல்லிகை டீ மட்டும் ஆச்சரியப்படுத்தியது: 8லிருந்து 7. அந்த டீயில் பூவை எண்ணெயாக்கித் தெளிப்பதில்லை. மாலையில் பறித்த மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். இரவில் மொட்டு அவிழ, இலை மணத்தை வாங்கிக்கொள்ளும். காலையில் பூவைச் சலித்து எறிந்துவிட்டு, அடுத்த இரவுக்குப் புது மொட்டு. நல்ல ரகத்துக்கு இப்படிப் பல இரவுகள். இவ்வளவு பூவும் உழைப்பும் போகிற இலை மட்டமாக இருந்தால் கட்டுப்படியாகாது போலிருக்கிறது. அந்தப் பூவும் நமக்குத் தெரியாததல்ல. மதுரையில் முழம் போடும் குண்டுமல்லியின் இனம்தான். வங்காளத்தில் அதற்கு பெலி என்று பெயர்.

இஞ்சி டீயோ 5லிருந்து 8க்குத் தாவியது. புதினாவும் ஏறியது. காரணம், இஞ்சியின் எரிப்பும் புதினாவின் குளிர்ச்சியும் வாசனை நரம்பு வழியாகப் போவதில்லை. முகத்தின் தொடு உணர்ச்சியைச் சுமக்கும் வேறொரு நரம்பு வழியாகப் போகின்றன. அதை வைரஸ் விட்டுவைத்திருந்தது. நாக்கு அறியும் சுவை ஐந்துதான் என்று இன்றைய விஞ்ஞானம் சொல்கிறது: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் ஜப்பானியர் பெயர் வைத்த உமாமி. காரமும் துவர்ப்பும் சுவையே அல்ல, தொடு உணர்ச்சி என்று தள்ளிவிடுகிறது. தமிழின் அறுசுவைப் பட்டியல் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. ஒரு கோப்பை டீயை எடைபோட வேண்டுமென்றால் பழைய பட்டியல்தான் உதவும். மூக்கில்லாதவனுக்கு டீயில் மிஞ்சுவது கசப்பும் துவர்ப்பும்தானே.

இரண்டாவது பத்தியில் எல்லாவற்றையும் தாண்டி 9 வாங்கியது அலமாரியில் இல்லாத ஒரு டீ. தெரு முனையில் விற்கும் 'லெபு சா'. பாலில்லாத டீயில் எலுமிச்சை பிழிந்து, கறுப்பு உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுப்பது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக முழுசாக ஒன்றைக் குடித்த மாதிரி இருந்தது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கறுப்பு உப்பின் அந்த முட்டை வாடைகூடத் தெரியாதது ஒருவகையில் லாபம்தான்.

இதுவரை படித்தவர்களுக்கு, மூக்கு ஏமாறும், நாக்கு ஏமாறாது என்ற முடிவுக்கு வரத் தோன்றலாம். நோட்டு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர் வைத்திருந்த வாசனை சேர்க்காத டீக்கள் இரண்டு. ஒன்று ஜூன் மாதப் பறிப்பு டார்ஜிலிங், மற்றது அஸ்ஸாம் சிடிசி தூள். அந்த டார்ஜிலிங்கின் மஸ்கடெல் மணம் உலகப் பிரசித்தம். தத்துப்பூச்சி கடித்த இலை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களும் அந்த மணத்தில் உண்டு. இந்தியாவில் முதலில் புவிசார் குறியீடு பெற்றதும் டார்ஜிலிங் டீதான், 2004ல். மூக்கில்லாத நாக்கு அதற்குப் போட்ட மதிப்பெண் 4. டீக்கடைப் பாய்லருக்குப் போகிற அஸ்ஸாம் தூளுக்கு 8. "டார்ஜிலிங்குக்கு 4 போட்ட நாளில்தான் அழுகை வந்தது" என்கிறார். அதன் சிறப்பு முழுக்க முழுக்க மணத்தில். மணம் போனால் கோப்பையில் கனம் இல்லை.

ஆகவே அவருடைய வாதம் வாசனைக்கு எதிரானதல்ல. வாசனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. வாசனை சேர்த்த டீயைத் தயாரிப்பவர்கள் டீ போர்டில் பதிவு செய்துகொள்ள வேண்டும், சேர்த்த வாசனையின் பெயரையும் அளவையும் பொட்டலத்தின் மேல் போட வேண்டும் என்று இந்தியாவில் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அடியில் இருக்கும் இலை எந்தப் பருவத்தது, எந்த ரகம் என்று பெரும்பாலான டப்பாக்கள் வாய் திறப்பதில்லை. மூக்கு இருக்கிறவர்களுக்கு அவர் சொல்லும் சோதனை சுலபமானது. டீயை ஆறவிட்டு, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடிப்பது. கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் கனம், விழுங்கியபின் ஏதாவது ஒரு மிச்சம் இருந்தால் அது டீ. இல்லையென்றால் வெந்நீருக்குப் பூசிய சென்ட். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் இதைச் செய்ய வேண்டாம் என்பது மனைவியின் பின்குறிப்பு.

மூக்கைத் திரும்ப அழைக்கவும் அலமாரிதான் உதவியது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நாலு வாசனைகளைக் காலையிலும் மாலையிலும் நினைவுபடுத்திக்கொண்டே மோந்து பார்க்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் 2009ல் வெளியிட்டது. டாக்டர் அதைச் சொன்னதும் இவர் அலமாரியைத் திறந்தார். ரோஜா டீ இருந்தது, எலுமிச்சை டீ இருந்தது, மசாலா டீயிலிருந்து கிராம்பைப் பொறுக்கிக்கொண்டார். யூகலிப்டஸுக்குத்தான் டீ இல்லை. ஊட்டியில் எப்போதோ வாங்கிய நீலகிரித் தைலம் ஒரு பாட்டில் அகப்பட்டது.

செப்டம்பரில் வாசனை வந்தது, ஆனால் கோணலாக. காபி ரப்பர் எரிகிற நாற்றம் அடித்தது. வெங்காயம் வதக்கினால் அவர் பால்கனிக்கு ஓடினார். லாப்சாங் டப்பாவைத் துணியில் சுற்றி பரணில் வைத்தார்கள். நேராக வந்த முதல் வாசனை டப்பாவிலிருந்து வரவில்லை. அடுத்த வருட வெயில் காலத்தில் ஒரு மாலை மனைவி பூக்காரியிடம் பெலிப்பூ வாங்கி வந்து ஈரத்துணியில் வைத்திருந்தார். ராத்திரி பத்து மணிக்கு இவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "மல்லிகை டீயை யார் திறந்தது?" என்று கேட்டார்.

அன்று தொடங்கிய மூன்றாவது பத்தி மெதுவாக நிரம்பியது. டார்ஜிலிங் 10க்குப் போனது. இஞ்சி 7ல் நின்றது, பழையபடி 5க்கு இறக்க மனம் வரவில்லை. வெனிலாவுக்கு 3. வாசனை திரும்பியும் பழைய 6 கிடைக்கவில்லை. கடைக்காரரிடம் முழுக்கூலி 2023 தொடக்கத்தில் திரும்பியது. ஏர்ல் கிரே மட்டும் பாக்கி. ஞாயிறுதோறும் அந்த டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பார், மூடி வைப்பார். பெர்கமோட் மட்டும் வரவே இல்லை. மூக்கில் அந்த ஒரு ஜன்னல் நிரந்தரமாக அடைத்துக்கொண்டது என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்.

பிறகு மருமகன் மறுபடி லண்டனிலிருந்து வந்தார், அதே கம்பெனியின் அதே டப்பாவோடு. சாப்பாட்டு மேஜையில் அதன் சீலைப் பிரித்தார்கள். உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "ஆரஞ்சுத் தோலை உரித்துவிட்டு எலுமிச்சை இலையைக் கசக்குவது யார்?" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பழைய டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து மோந்தார். அதில் எதுவும் இல்லை. மனைவி மோந்தார். அவருக்கும் எதுவும் இல்லை. டப்பாவின் அடியைத் திருப்பிப் பார்த்தால் காலாவதி தேதி 2022 மார்ச். மூக்கு எப்போதோ திரும்பிவிட்டிருக்கிறது. எண்ணெய்தான் பறந்துபோயிருக்கிறது.

புது டப்பாவுக்கு மூன்றாவது பத்தியில் 6 போட்டிருக்கிறார். பழைய டப்பாவில் இப்போது மனைவியின் ஊசியும் நூலும் இருக்கின்றன.